சம்வேர் இன் டைம் (1980): அந்தக் கடிகாரம் ஓட்டையா, அச்சாணியா?

#1 ரீல்பெட்டி

காலம் தாண்டும் காதலை வைத்துக் குறும்படம் எழுதுகிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். ஒரே ஒரு படத்தைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். ழானோ ஸ்வார்க் இயக்கிய சம்வேர் இன் டைம். ரிச்சர்ட் மாத்திசன் 1975-இல் எழுதிய நாவலுக்கு அவரே திரைக்கதை எழுதினார். நடிப்பு: கிறிஸ்டோபர் ரீவ், ஜேன் சீமோர், கிறிஸ்டோபர் ப்ளம்மர். முடிவு வரை பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளவும்.

கதை இவ்வளவுதான். 1972. நாடகம் முடிந்த இரவில் ரிச்சர்ட் என்ற இளம் எழுத்தாளன் கையில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி தங்கப் பாக்கெட் கடிகாரத்தை வைத்து, தன்னிடம் திரும்பி வரச் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றிரவே இறந்துவிடுகிறார். 8 வருடம் கழித்து, எழுத்து ஓடாமல் ஊரைவிட்டுக் கிளம்பும் ரிச்சர்ட், ஏரி நடுவே தீவில் இருக்கும் கிராண்ட் ஹோட்டலில் தங்குகிறான். அங்கே ஒரு பழைய நடிகையின் படம் மாட்டியிருக்கிறது. எலீஸ் மெக்கென்னா, 1912-இல் அந்த ஹோட்டலில் நாடகம் போட்டவர். அந்தப் பாட்டியும் அவரேதான். ரிச்சர்ட் தன்னைத்தானே ஹிப்னாடிசம் செய்துகொண்டு 1912-க்குப் போகிறான், காதலிக்கிறான், சட்டைப்பையில் கிடந்த, 1979 என்று அச்சிட்ட ஒரு காசைப் பார்த்ததும் 1980-க்கு வந்து விழுகிறான். கடிகாரம் எலீஸிடமே தங்கிவிடுகிறது.

கேள்வி இரண்டு. காலம் தாண்டும் விதியை எப்படி அமைத்தால் பார்ப்பவர் நம்புவார்? அந்தக் கடிகாரத்தை முதலில் வாங்கியது யார்?

#2 திரைத்தச்சன்

முதல் கேள்விக்கு நான். விதி சின்னதாக இருக்கவேண்டும், அதற்குக் கொடுக்கும் விலை பெரிதாக இருக்கவேண்டும். இந்தப் படத்தில் இயந்திரம், மின்னல், மந்திரம் ஒன்றும் கிடையாது. "நீ அந்தக் காலத்தில் இருப்பதாக உன் மனம் முழுக்க நம்பினால் இருப்பாய், நம்பிக்கை உடைந்தால் விழுவாய்." விதி மொத்தமும் இந்த ஒரு வரிதான். இதை ஃபின்னி என்ற பேராசிரியர் வாயால் ஒரே காட்சியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். (டைம் அண்ட் அகெய்ன் என்ற நாவலை எழுதிய ஜாக் ஃபின்னிக்கு வைத்த வணக்கம் அந்தப் பெயர். அந்த நாவலிலும் சூழலைப் பழங்காலமாக மாற்றி, மனதை ஏமாற்றித்தான் பின்னே போவார்கள்.)

படிகளைக் கவனியுங்கள். அந்தக் காலத்து சூட் வாங்குகிறான். பழைய காசு சேர்க்கிறான். முடி வெட்டிக்கொள்கிறான். அறையில் 1980-ஐ ஞாபகப்படுத்தும் பொருளை எல்லாம் கண்ணில் படாமல் அகற்றுகிறான். 1912 ஜூன் 27 மாலை என்று தன் குரலையே டேப்பில் பதிந்து ஓடவிட்டுப் படுக்கிறான். தோற்கிறான். பிறகு ஹோட்டல் பரணில் பழைய வருகைப் பதிவேட்டைக் கிளறி, தன் கையெழுத்தையே அதில் பார்க்கிறான், அறை எண் 416. அதன்பின் படுத்தால் போய்விடுகிறான்.

அந்தத் தோல்வியை எடுத்துவிட்டால் படம் படுத்துவிடும். முதல் தடவையே பலித்தால் விதிக்கு எடையே இல்லை. குறும்படம் எழுதுகிறவர்கள் நேரம் போதாது என்று முதலில் வெட்டுவதும் இதைத்தான். வெட்டாதீர்கள். 40 விநாடி போதும்.

#3 வைகைமீன்

பதிவேட்டில் கையெழுத்து இருப்பதைப் பார்த்ததால்தான் போகிறான், போனதால்தான் கையெழுத்து இருக்கிறது. கோழியா முட்டையா கதை. இதை எப்படி அண்ணே ஒத்துக்கொள்கிறீர்கள்?

#4 திரைத்தச்சன்

வைகைமீன், கையெழுத்துக்குப் பிறப்பு இருக்கிறது. 1912-இல் ரிச்சர்ட் பேனா பிடித்துப் போட்டான், மை அங்கேயே காய்ந்தது, ஏடு 68 வருடம் பரணில் கிடந்தது, 1980-இல் படித்தான். காரணமும் விளைவும் வட்டமாகச் சுற்றினாலும் பொருள் நேர்க்கோட்டில்தான் பயணிக்கிறது. இதில் தர்க்கப் பிழை கிடையாது. எதுவும் மாற்றப்படவில்லை, நடந்ததுதான் நடந்தது.

ஹோட்டலில் அறை பதிவு செய்யும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். அறை எண்ணும் நேரமும் ஏட்டில் பார்த்தபடி விழவேண்டுமே என்று அவன் தவிப்பதில்தான் அந்தக் காட்சியே ஓடுகிறது. முடிவு தெரிந்த காட்சியிலும் பதைபதைப்பு வைக்கலாம் என்பதற்கு நல்ல பாடம்.

#5 சாவிகொடுப்பவன்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கடிகாரம் விஷயம் அப்படி இல்லை.

கணக்கு: 1912-இல் எலீஸிடம் தங்குகிறது. 1972 வரை அவரிடம், 60 வருடம். அங்கிருந்து ரிச்சர்டிடம் 8 வருடம். 1980-இல் அவனோடு 1912-க்குப் போகிறது. ஒரு சுற்றுக்கு 68 வருடம். கடைக்காரர் யாரும் விற்கவில்லை, பட்டறையில் யாரும் செய்யவில்லை. இது முதல் சிக்கல், பலரும் பேசுவது.

இரண்டாவதுதான் உண்மையில் கடினமானது. பொருள் தேயும். தங்க உறை மென்மையானது, பையிலேயே உரசி உரசி வேலைப்பாடு மழுங்கும், மூடியின் கீல் தளரும். உள்ளே எண்ணெய் காய்ந்தால் பேலன்ஸ் சக்கரத்தின் ஊசிமுனை அரைபடும். கடிகாரத்தை ஓட்டும் அந்தக் காலத்து எஃகு மெயின்ஸ்பிரிங் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஒடியும். 1972-இல் ரிச்சர்ட் கைக்கு வரும்போது கடிகாரம் 60 வருடம் கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் அதே கடிகாரம்தான் 1912-இல் எலீஸ் கைக்குப் போனது. அதாவது தேய்ந்த பிறகு இருக்கும் நிலையும் தேய்வதற்கு முந்தைய நிலையும் ஒன்றாக இருக்கவேண்டும். முடியாது.

எலீஸ் இடையில் புது ஸ்பிரிங் போட்டு, ஊசி மாற்றி, உறையை மெருகேற்றி வைத்திருந்தார் என்று சமாளிக்கலாம். உள் பாகங்களுக்கு அது சரிப்படும். உறைக்குச் சரிப்படாது. மெருகேற்றுவது என்பதே தங்கத்தைச் சுரண்டி எடுப்பதுதான்.

#6 ரீல்பெட்டி

ஆக, கதையில் ஓட்டை என்று தீர்ப்பா?

#7 நீலாம்பல்

தீர்ப்பு எழுத அவசரம் வேண்டாம். படத்தில் காலத்தைத் தாண்டிப் போய்வரும் விஷயங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கையெழுத்து: பிறப்பு இருக்கிறது. புகைப்படம்: அதற்கும் இருக்கிறது, எலீஸ் கேமராவுக்குப் போஸ் கொடுக்கும்போது ரிச்சர்ட் உள்ளே வருகிறான், அவனைப் பார்த்து மலரும் சிரிப்புதான் 1980-இல் அவனைக் கட்டிப்போட்ட சிரிப்பு. இசை: 1912-இல் ரிச்சர்ட் முணுமுணுக்கும் மெட்டு, ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாவ் பின்னாளில் எழுதினார், எலீஸுக்கு முன்கூட்டியே காதில் விழுந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்கிறது, கடிகாரத்துக்கு மட்டும் தீரவில்லை.

மாத்திசன் இதைத் தெரியாமல் விட்டிருப்பார் என்று தோன்றவில்லை. மற்ற மூன்றையும் இவ்வளவு நேர்த்தியாக முடித்தவர். காதலர் இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான். அதற்கு மட்டும் கடை, விலை, முதல் சொந்தக்காரர் எதுவும் இல்லை. இவர்கள் இருவருக்கு வெளியே அது இருந்ததே இல்லை. அச்சாணி என்பதே என் கட்சி.

குறும்படத்துக்கு எடுத்துக்கொள்வதானால் இப்படிப்பட்ட பொருள் ஒன்றே ஒன்று வையுங்கள். இரண்டு வைத்தால் எழுதியவர் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். சாவிகொடுப்பவன் சொன்ன தேய்மானம் உறுத்தாமல் இருக்க வேண்டுமானால் பொருளை க்ளோசப்பில் இரண்டு காலத்திலும் அடுத்தடுத்துக் காட்டாதீர்கள்.

#8 கடுக்கண்ணன்

எல்லாரும் கடிகாரத்தையே சுற்றுகிறீர்கள். என் பிரச்சினை வேறு. ரிச்சர்டும் எலீஸும் சேர்ந்து இருப்பது மொத்தம் ஒன்றரை நாள்கூட வராது. அதற்குள் ஒரு ஆயுள் முழுக்கக் காத்திருக்கும் காதலா? அவன் பாதி நேரம் ஹோட்டல் தாழ்வாரத்தில் அந்தம்மாவைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். இன்றைக்கு எடுத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

#9 நீலாம்பல்

கடுக்கண்ணன் சொல்வதில் பாதி நியாயம். அந்தத் துரத்தல் தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் ராபின்சன். எலீஸின் மேலாளர், ப்ளம்மர் நடித்தது. ஒருநாள் ஒருவன் வந்து உன் வாழ்க்கையை மாற்றுவான் என்று எலீஸிடம் அவர் முன்பே எச்சரித்து வைத்திருக்கிறார். அதனால் ஏரிக்கரை மரத்தடியில் முதன்முதலாக ரிச்சர்டைப் பார்த்ததும் எலீஸ் கேட்பது, "நீங்கள்தானா?" என்று. ஆக, அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் நீங்கள் சொல்வதுபோலத்தான் ஆகியிருக்கும்.

ஆனால் ராபின்சன் ஏன் அப்படி நினைத்தார் என்பதற்கு அடித்தளம் மெலிதுதான். அதை ஒத்துக்கொள்கிறேன். ப்ளம்மர் முகத்தை வைத்தே ஒப்பேற்றிவிட்டார்கள்.

#10 ஒளியளவி

படப்பிடிப்பு பற்றி யாரும் பேசவில்லை. ஒளிப்பதிவாளர் இசிடோர் மான்கோஃப்ஸ்கி. நிகழ்காலக் காட்சிகளுக்குக் கோடக் சுருள், 1912-க்கு ஃபூஜி சுருள். நிகழ்காலம் கூர்மையாக, நிறம் அழுத்தமாக இருக்கும். 1912 மென்மையாக, வெளுப்பாக, ஜன்னல் வெளிச்சம் கசிந்து பரவுவதுபோல் இருக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு வித்தியாசம் என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் உணர்வார்கள்.

டிஜிட்டலில் எடுக்கிறவர்கள் செய்யும் தவறு, பிறகு கலர் கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு காலத்தையும் ஒரே மாதிரி எடுத்துவைப்பது. பிறகு பழைய காலத்தின்மேல் பழுப்பு நிறத்தைப் பூசுவார்கள். முகமெல்லாம் மஞ்சள் காமாலை. கேமராவிலேயே பிரியுங்கள்:

- பழைய காலத்துக்கு லென்ஸ் முன்னால் ப்ளாக் ப்ரோமிஸ்ட் (வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் ஃபில்டர்) கால் எண் போதும். அரை எண் போட்டால் முகத்தின் விவரம் கரையத் தொடங்கும்.
- ஆளுக்குப் பின்னால் ஜன்னலோ விளக்கோ ஃப்ரேமில் இருக்கட்டும். பளிச்சென்ற வெளிச்சம் ஃப்ரேமில் இல்லாவிட்டால் அந்த ஃபில்டர் போட்டும் பெரிதாகத் தெரியாது.
- வெள்ளை, தந்தநிற உடைகள். கறுப்பை ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.
- நிகழ்காலத்துக்கு ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

இந்தப் படம் ஆஸ்கருக்குப் போனது உடை வடிவமைப்புக்காக மட்டும்தான், ழான்-பியேர் டோர்லியாக். விருது டெஸ் படத்துக்குப் போய்விட்டது.

#11 தீவுக்காரன்

இடம் பற்றி ஒரு பின்குறிப்பு. நாவலில் வரும் ஹோட்டல், கலிஃபோர்னியாவில் இருக்கும் ஹோட்டல் டெல் கொரொனாடோ, வருடம் 1896. படத்துக்கு மிச்சிகனில் மாக்கினாக் தீவின் கிராண்ட் ஹோட்டலுக்கு மாற்றினார்கள், வருடமும் 1912 ஆனது. 1887-இல் திறந்த ஹோட்டல். அந்தத் தீவில் மோட்டார் வண்டிக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தடை போட்டுவிட்டார்கள், இன்றும் குதிரை வண்டியும் சைக்கிளும்தான். அதனால் பழைய காலத்தைப் படமாக்க அங்கே பெரிய சிரமமே இல்லை. நிகழ்காலத்துக்குத்தான் கஷ்டம்: ரிச்சர்ட் காரில் வந்து இறங்கும் காட்சிக்குத் தனியாக அனுமதி வாங்கிக் கார் கொண்டுபோக வேண்டியிருந்தது.

செலவு குறைக்க நினைப்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழமை மாறாத இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கே இன்றைய பொருள் நாலைக் கொண்டுபோய் வைப்பது மலிவு. இன்றைய தெருவில் மின்கம்பி, டிஷ் ஆன்டெனா, ஃப்ளெக்ஸ் போர்டு எல்லாவற்றையும் மறைப்பது காசைத் தின்னும்.

#12 வைகைமீன்

இசை அண்ணே இசை! படத்துக்கு ஜான் பாரி போட்ட இசையைப் பற்றிப் பேசாமல் இழையை மூடினால் சும்மா விடமாட்டேன். அந்த ராக்மனினாவ் துண்டைக் குறும்படத்தில் வைத்தால் காப்பிரைட் வருமா?

#13 சுருதிப்பெட்டி

வரும், வராது, இரண்டும் உண்டு. முதலில் அது எது என்று பார்ப்போம். வயலின் மேதை பாகனினியின் ஒரு மெட்டைக் கருப்பொருளாக வைத்து, பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ராக்மனினாவ் 1934-இல் எழுதிய ராப்சடி. 24 வேரியேஷன்கள், அதாவது அதே மெட்டின் 24 மாறுபட்ட வடிவங்கள். படத்தில் வருவது 18ஆவது. மூலக் கருப்பொருள் இருப்பது ஏ மைனர் என்ற ஸ்வர வரிசையில். அதன் ஸ்வர இடைவெளிகளைத் தலைகீழாக்கி, ஏறுவது இறங்க, இறங்குவது ஏற, டி ஃப்ளாட் மேஜருக்கு நகர்த்தி, வேகத்தைக் குறைத்தால் இந்த உருகல். ஒரே மெட்டு இன்னொரு திசையில் கேட்கிறது. படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

படகில் ரிச்சர்ட் இதை முணுமுணுக்கிறான். எலீஸுக்கு ராக்மனினாவைத் தெரியும், இது தெரியாது. 1912-இல் இது சரியே. அவர் 1909-10இல் அமெரிக்காவில் கச்சேரிப் பயணம் செய்தார், மூன்றாம் பியானோ கான்செர்ட்டோ நியூயார்க்கில்தான் முதலில் அரங்கேறியது. ராப்சடி வர இன்னும் 22 வருடம். பிறகு பாட்டியின் வீட்டில் ஹோட்டல் வடிவத்தில் ஒரு இசைப்பெட்டி, திறந்தால் அதே மெட்டு. வசனமே இல்லாமல் எத்தனை வருடக் காத்திருப்பைச் சொல்லிவிட்டார்கள் பாருங்கள்.

இனி காப்பிரைட். ராக்மனினாவ் 1943-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி இறந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம், ஆகவே 2003 முடிவோடு மெட்டின் உரிமை இங்கே தீர்ந்தது. அமெரிக்காவில் வெளியானதிலிருந்து 95 வருடக் கணக்கு, 2029 முடியும்வரை உண்டு. இணையத்தில் ஏற்றினால் அங்கே முடக்கப்படலாம். அதோடு, ஒலிப்பதிவின் உரிமை தனி. யாரோ வாசித்த ரெக்கார்டை எடுத்து ஒட்டினால் தானியங்கித் தேடல் உடனே பிடித்துக்கொள்ளும். 18ஆவது வேரியேஷன் பியானோ மட்டும் தனியாகத்தான் தொடங்குகிறது, ஆர்க்கெஸ்ட்ரா பிறகுதான் சேர்கிறது. உங்களுக்குத் தெரிந்த பியானோ கலைஞர் ஒருவரை அந்த முதல் பகுதியை மட்டும் வாசிக்கவைத்துப் பதிந்துகொள்ளுங்கள். முழு வேரியேஷனே 3 நிமிடத்துக்குள் முடிவது, அதில் தொடக்கம் உங்கள் காட்சிக்குத் தாராளம்.

ஜான் பாரியின் மெட்டு முழுக்க உரிமை உள்ளது. தொடாதீர்கள்.

#14 கடுக்கண்ணன்

உடம்போடு போகாமல் கடிதம் மட்டும் போகும் வகை நன்றாக இல்லையா? கொரியாவின் இல் மாரே (2000), அதை அமெரிக்காவில் எடுத்த தி லேக் ஹவுஸ் (2006). ஒரே வீடு, இரண்டு வருட இடைவெளி, நடுவில் ஒரு தபால் பெட்டி. பழகப் போதுமான நேரம் கிடைக்கிறது. என் புகாருக்கு அதுதான் மருந்து.

#15 திரைத்தச்சன்

பழகும் நேரம் கிடைக்கும், உண்மை. ஆனால் அங்கே விதி வேறு: நடந்ததை மாற்றலாம். லேக் ஹவுஸில் காதலர் தினத்தன்று சிகாகோவின் டேலி பிளாசாவில் விபத்தில் ஒருவர் இறக்கிறார். டாக்டரான கேட் காப்பாற்ற முடியாமல் உடைந்துபோய், மன அமைதிக்காக ஏரி வீட்டுக்குத் திரும்பப் போகும்போதுதான் கடிதத் தொடர்பே வளர்கிறது. கடைசியில் அந்த விபத்தையே தடுத்துவிடுகிறாள். விபத்து இல்லையென்றால் அவள் ஏன் அன்று ஏரி வீட்டுக்குப் போனாள்? கேள்வி கேட்க ஆரம்பித்தால் முழுக் கதையும் கையோடு வரும். சந்தோஷ முடிவுக்குக் கொடுத்த விலை அது.

20 நிமிடப் படத்துக்கு எது வசதி என்றால், மாற்ற முடியாத வகை. எழுதும்போது சுவரில் இரண்டு கோடு போடுங்கள். மேல் கோடு நாட்காட்டி வரிசை. கீழ்க்கோடு ஆளின் அனுபவ வரிசை. ஒவ்வொரு காட்சியையும் இரண்டிலும் குறித்துக் கோடு இழுங்கள். எந்தத் தகவல் எப்போது யாருக்குத் தெரியும் என்பதில்தான் பிழை வரும். பாட்டிக்கு 1972-இல் எல்லாம் தெரியும், ரிச்சர்டுக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே முதல் காட்சியைத் தாங்குகிறது.

#16 சாவிகொடுப்பவன்

முடிவு எனக்கு ஒட்டவில்லை. நிகழ்காலத்துக்கு விழுந்தவன் சாப்பிடாமல் ஜன்னல் பார்த்து உட்கார்ந்தே செத்து, வெள்ளை ஒளியில் அவளைச் சேர்கிறான். நாவலில் அவனுக்கு மூளையில் கட்டி. எல்லாமே நோயின் பிரமையோ என்ற சந்தேகம் கடைசிவரை தொங்கும். அது நேர்மையாக இருந்தது.

#17 நீலாம்பல்

நாவலுக்கு அது சரி. பதிவேடு, இசைப்பெட்டி, பாட்டி என்று அத்தனை சாட்சியையும் கண்முன்னே காட்டிவிட்ட பிறகு, படம் "இது பிரமையோ" என்று கேட்டால் யார் நம்புவார்கள்? மாத்திசன் கட்டியை எடுத்தது சரியான முடிவு. அந்த வெள்ளை ஒளியைப் பாதி நேரத்தில் வெட்டியிருக்கலாம், அதில் உங்கள் பக்கம்தான்.

#18 ரீல்பெட்டி

அந்தக் காசு விஷயம் இன்னும் பேசாமல் மிச்சம் இருக்கிறது. இத்தனை ஜாக்கிரதையாகத் தயாரானவன் பையில் 1979 பென்னி (ஒரு சென்ட் காசு) எப்படித் தப்பியது? சோம்பேறித்தனமான எழுத்து என்கிறார்கள்.

#19 ஒளியளவி

அந்தக் காசைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியமே. அமெரிக்க ஒரு சென்ட் காசில் லிங்கன் முகம் வந்தது 1909-இல். 1912-இல் எல்லார் பையிலும் அதே லிங்கன் காசு புழக்கத்தில் இருந்தது. பின்பக்கம்தான் மாறியது: முதலில் கோதுமைக் கதிர், 1959 முதல் லிங்கன் நினைவகம். முகப்புப் பக்கமாகப் பார்த்தால் 1912 காசுக்கும் 1979 காசுக்கும் சட்டென்று சொல்லக்கூடிய வித்தியாசம் ஆண்டு எண் மட்டும்தான், அதுவும் லிங்கன் மார்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில். பழைய காசுகளோடு கலந்து கிடந்தால் கண் தவறவிடும். வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் தயாராகும்போதே அகப்பட்டிருக்கும்.

நம் ஊரில் இதைச் செய்வதானால் வருடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 1957-க்கு முன்னால் போனால் அணாக் கணக்கு, இன்றைய காசு எதுவும் ஒத்துவராது. 1992-இல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் பல வருடம் ஒரே அச்சில் வந்தது. கதையின் கடந்தகாலம் 1993, நிகழ்காலம் 2003 என்று வைத்தால், பையில் 2002 காசு கிடந்தாலும் கதாநாயகனுக்குச் சந்தேகம் வராது. படமெடுக்கும்போது மேக்ரோ லென்ஸ், பக்கவாட்டில் ஒரே விளக்கு. நேர் வெளிச்சம் அடித்தால் ஸ்டீல் பளபளத்து ஆண்டு எண் மறைந்துவிடும். பார்ப்பவர் எண்ணைப் படித்து முடிக்க ஷாட் இரண்டு விநாடியாவது நிற்கட்டும், அதற்குப் பிறகு முகத்துக்கு வெட்டுங்கள்.